எண்ணெய் முள்ளைக் காணோம்

மாசிலாமணி அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தியை, எங்கள் கணினி மையத்துக்குக் கீழே எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர்தான் மாடியேறி வந்து சொன்னார். மின்சாரம் போய் யு.பி.எஸ்.கள் எல்லாம் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்ததால் அவர் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட செய்தியை இரண்டு தடவை கேட்க நேர்வது கொடுமை.

மையம் அண்ணாச்சியுடையது. நான் அங்கே பாடம் நடத்துகிறவன். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் திருநெல்வேலி சந்திப்பில் அந்த மாடியில் கூடியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூர்வீக வயலை விற்றுக் கணினி வாங்கிய மனிதர். ஐம்பதைக்கூட எட்டவில்லை. கணினியில் போர்விமான விளையாட்டென்றால் பைத்தியம். ஆனால் எதிரி விமானத்தைச் சுடுவதில் பெரிய அக்கறை கிடையாது. காக்பிட்டுக்குள் உயரம், வேகம் காட்டுகிற முட்களைப் படிக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்.

காயல்பட்டினத்து சுலைமான் துபாயிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் புது விளையாட்டு ஒன்று கொண்டுவருவார். அதைப் பழையதோடு ஒப்பிட்டு அண்ணாச்சி கரும்பலகையில் தீர்ப்பு எழுதுவார். ஒருமுறை வந்தது பிரமாதமான விளையாட்டு. காக்பிட்டில் ஆணித்தலைகூடத் தெரிந்தது.

"கண்ணாடில வெயில் படுறது வரைக்கும் அப்படியே இருக்கு, பாருங்க அண்ணாச்சி" என்றார் சுலைமான்.

"வெயிலு கெடக்கட்டும்வே. இப்ப எவ்வளவு ஒசரத்துல போறீரு? அதச் சொல்லும்."

சுலைமான் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விமானம் மலையில் மோதியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. 'அழகு உண்டு. தெளிவு இல்லை' என்று பலகையில் எழுதினார் அண்ணாச்சி. 'தெளிவா இருக்கு' என்பது அவர் கொடுக்கும் பெரிய பட்டம். அதைச் சுலபத்தில் கொடுக்க மாட்டார்.

போன ஐப்பசியில் இன்னொரு புது விளையாட்டைப் போட்டு உட்கார்ந்தவர், "இதுல எண்ணெய் முள்ளையே காணோமேவே" என்றார். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் வலது ஓரத்தில் பளிச்சென்று இருந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? திரையின் வெளிச்சத்தைக் கூட்டினோம். வீடியோ கார்டைக் கழற்றி மாட்டினோம். மானிட்டரையே மாற்றினோம். அடிக்கடி தலை வலிக்கிறது என்றும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதற்கும் மானிட்டரைத்தான் குறை சொன்னோம். எங்களைப் போன்ற கூட்டத்துக்குத்தான் இப்படியெல்லாம் புத்தி போகும்.

கடைசியில் அவரே பழைய விளையாட்டை எடுத்துப் போட்டார். சாம்பல் நிறத்தில் மொட்டையான காக்பிட், கொட்டை கொட்டையாய் எண்கள். 'தெளிவா இருக்கு' என்று அவரிடம் முதன்முதலில் பட்டம் வாங்கியது அதுதான். நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று எஞ்சின் நின்று விழுந்தது.

"இதுலயும் எண்ணெய் முள்ளக் காணோம்" என்றார் மெதுவாக.

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையையே வலப்பக்கம் திருப்பித்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"பழசு மாறாதுல்லா. அப்ப நாந்தாம்வே மாறியிருக்கேன்."

அந்த வாரமே மதுரைக்குக் கூட்டிப்போனோம். மூளைக்குள் கட்டி என்றார்கள். அது அவருடைய பார்வையின் வலப்பாதியை விழுங்கியிருந்தது.

அறுவை சிகிச்சை செய்தும் கட்டி விடவில்லை. அவரும் விளையாட்டை விடவில்லை. அவருக்கு வலப்பக்கம் யாராவது உட்கார்ந்து அந்தப் பக்கத்து முட்களை வாசித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நான்தான். பெருநாளுக்கு வந்திருந்த சுலைமான் ஒருநாள் உட்கார்ந்தார். மனசு கேட்காமல், எண்ணெய் தீரப்போகும்போதும் "பாதி இருக்கு" என்று சொல்லிவிட்டார். விமானம் கடலில் விழுந்தது. அண்ணாச்சி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"பாக்குதவன் பொய் சொன்னா ஓட்டுதவன் என்னவே செய்வான்?"

சுலைமான் அழுதுவிட்டார்.

சித்திரையில் அண்ணாச்சி படுத்தபடுக்கையானார். பார்க்கப் போன எல்லோரும் நல்லாயிரும் என்றே சொல்ல வேண்டும் என்பது அவர் மனைவி, எங்கள் மதினியின் கட்டளை. அப்படித்தான் சொன்னார்கள். ஒருநாள் நான் போய், பழக்கதோஷத்தில் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தேன்.

"டாக்டர் உம்மகிட்ட என்னவே சொன்னாரு? இங்கன எல்லாரும் நல்லாயிரும், நல்லாயிரும்ங்காவ."

வாசல்படியில் நின்ற மதினி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஆனித் தேருக்கு இருக்க மாட்டீங்கன்னு சொல்லுதாரு, அண்ணாச்சி."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அண்ணாச்சி கட்டிலில் தடவி என் கையைப் பிடித்தார்.

"இது தெளிவா இருக்குவே" என்றார்.

நேற்று ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து திரும்பும்போது, கம்ப்யூட்டர் வெளிச்சம்தான் ஆளைக் கொன்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு உண்மையை முதலில் காட்டிக்கொடுத்தது அந்தப் பெட்டிதான். மதினி இன்னும் என்னோடு பேசவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. தேருக்கு வடம் பிடிக்க இன்னும் நாள் கிடக்கிறது. பலகையில் அவர் கடைசியாக எழுதியிருந்ததை அழித்துவிட்டு இன்று பாடம் நடத்தினேன். எந்த விளையாட்டுக்கும் லேசில் கொடுக்காத பட்டத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வாங்கியதில் ஒரு சந்தோஷமும் இல்லை.