ஸ்பூன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த காலம்

குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்கிற வேலையில் பெரிய கஷ்டமே, அது வேலை மாதிரித் தெரியாது என்பதுதான். பந்து உருட்டுவோம், பட்டாணி உரிப்போம், ஈரத்துணி பிழிவோம். பார்க்கிறவர்கள் இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்பார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைக்கிற மகாஜனங்களே, உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையிலிருந்து புனேவுக்கு இந்த வேலைக்காக வந்தேன். ஒரு மராத்திக் குடும்பத்தின் மாடி அறையில் தனியாகத் தங்கியிருந்தேன். வாய்விட்டுத் தமிழ் பேச எனக்கிருந்தது எஸ்.டி.டி. பூத்தும் புனேவின் கட்கிப் பகுதியில் ஒரு வீடும்தான்.

சைக்கிள் டியூப்

கட்கி வீட்டுக் குழந்தையின் பெயர் மலர். நாலு வயது முடிந்திருந்தது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கைகள் இறுகிப்போய், ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது, விட்டால் பிடிக்கத் தெரியாது. பேச்சு ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் வரும். புத்தி மட்டும் கற்பூரம். அப்பா ஏழுமலைக்கு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் டிபனைத் தானே சாப்பிட வேண்டும், ஊட்டிவிட இங்கே ஆள் கிடையாது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மெல்லிய ஸ்பூன் அந்தக் கையில் நிற்காது, கைப்பிடியைத் தடிமனாக்கித் தாருங்கள் என்றேன். ஏழுமலை மறுநாளே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கச்சிதமாகச் சுற்றிக் கொண்டுவந்தார். மனுஷருக்கு அப்படி ஒரு ஆசை, மகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று. ஆனால் விரல்கள் இளகட்டும் என்று நான் மலரோடு உட்கார்ந்து கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிக்கொண்டே இருந்ததை வாசலில் நின்று பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "இன்னா செல்வி, சப்பாத்தி மாவு பிசையவா அவ்ளோ தூரத்துலருந்து டீச்சரம்மா வர்றாங்க?"

பவுடர் போட்ட முகம்

வாரங்கள் ஓடின, ஒன்றும் நகரவில்லை. ஸ்பூனைக் கையில் வைத்தால் மலர் தட்டிவிடுவாள். சோறு சுவரில் போய் ஒட்டும். ஒவ்வொரு சாயங்காலமும் குளித்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, இஸ்திரி போட்ட கவுனில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டில் மட்டும் அக்கறையே கிடையாது. படித்த படிப்பையெல்லாம் புரட்டிப் பார்த்தேன், காரணம் பிடிபடவில்லை.

ஒருநாள் பஸ் சீக்கிரம் கிடைத்து முன்னதாகவே போய்விட்டேன். செல்வி வாசற்படியில் உட்கார்ந்து மலருக்குக் கடைசி உருண்டையை ஊட்டிக்கொண்டிருந்தாள். தினமும் நான் வருமுன் வயிறு முட்ட ஊட்டி, வாய் துடைத்துத் தயார் செய்து வைத்திருக்கிறாள்! அடிப்பாவி, பசிக்காத பிள்ளை எதற்கு ஸ்பூனைத் தொடும் என்று தலையில் கைவைத்தேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "வீட்டுக்கு வர்றவங்க எதிர்ல புள்ள பசியோட உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்க்கா?"

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். குழந்தைக்கு வார்த்தை பதியட்டும் என்று செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்வோம். 'இப்போ கதவைத் திறக்கலாமா? திறந்தாச்சு! தண்ணி ஊத்தலாமா? ஊத்தியாச்சு!' ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறையில் யாரும் இல்லாமலேயே இது நடக்கும். அப்படி ஒருநாள் நான் சத்தமாகப் பேசிக்கொண்டே உப்புமா கிண்டியதைக் கேட்டு, ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்கார அம்மா இரண்டு தட்டில் அவல் போஹா எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். அறையைச் சுற்றிலும் பார்த்தார். கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். விருந்தாளி எங்கே போனார்கள் என்று பாவம் நிஜமாகவே கேட்டார்: "பாஹுணே குட்டே கேலே?"

கூட உட்காருவது யார்?

பசியோடு இருக்கட்டும் என்று செல்வியிடம் சத்தியம் வாங்கிய பிறகு அடுத்த சிக்கல். பக்கத்தில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். அந்த வீட்டிலோ செல்வி எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் தனியாகச் சாப்பிடுகிறவள். ஏழுமலைக்கு அப்போது இரண்டாம் ஷிப்ட், வர ராத்திரியாகும். 'அவரு சாப்பிடாம நான் எப்படிக்கா?' என்று மறுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானே இன்னொரு தட்டு போட்டு உட்கார்ந்தேன்.

வேறு வழியில்லாமல் என்பது பொய். அந்த ஊரில் எதிரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டது அந்தச் சாப்பாடு ஒன்றுதான். நான் ஸ்பூனைத் தூக்கினால் மலரும் தூக்குவாள். நான் சிந்தினால் சிரிப்பாள். பாதி சோறு தரையில், மீதி வாயில் என்று தேறினாள். பஸ் ஏறும்போதே அந்த நேரத்துக்காக மனசு அடித்துக்கொள்ளும். நான் வேலை பார்த்த கிளினிக்கில் என் சீனியர் ஜோஷி மேடம் என் கன்னத்தில் ஏறிய சதையைப் பார்த்துவிட்டு, குழந்தையைச் சாப்பிட வைக்கிறாயா இல்லை நீயே போய்ச் சாப்பிடுகிறாயா என்று சிரித்தார்: "பச்சே கோ கிலா ரஹீ ஹோ, யா குத் கா ரஹீ ஹோ?"

மழையில் பள்ளிக்கூடம்

மலர் தானாகச் சாப்பிட்டுவிட்டால் கட்கி முடிந்தது, அடுத்து தளேகாவ் என்ற ஊரில் வேறு குழந்தை என்று மேடம் சொல்லியிருந்தார். ஜூனில் பள்ளி திறந்த அன்று நல்ல மழை. செல்வி பயந்துபோய் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இடைவேளையில் வகுப்பு வாசலில் நிற்க டீச்சர் அனுமதித்தார். சாப்பிட்டுவிடு கண்ணே என்று வேண்டிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டால் எனக்கு அந்தச் சாயங்காலம் இல்லையே என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டும் உண்மை.

டப்பா மூடி இறுகியிருந்தது. செல்வி பாயப் போனாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்துப் பெண் மூடியைத் திறந்து கொடுத்தாள். தயிர்சாதம். முதல் ஸ்பூன் சட்டையில் கொட்டியது, அடுத்தது வாய்க்குள் போனது, அதற்கடுத்ததும் போனது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்வியை நிறுத்திய நானேதான் அடக்கமாட்டாமல் உள்ளே ஓடி, சட்டையைத் துடைக்கக் குனிந்தேன். மலர் முழங்கையால் என்னை ஒதுக்கினாள். ஸ்பூனை விடவில்லை. தலை நிமிராமல், வாழ்க்கையில் முதன்முதலாக வார்த்தைகளைக் கோத்துச் சொன்னாள்: "நானே. நீ போ."

ஒரு குழந்தை நம்மைப் போகச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டால் அதுதான் வெற்றி என்று எங்கள் பாடத்தில் எழுதியிருக்கிறது. போகிறவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்பதை மட்டும் அடுத்த பாடத்திலும் எழுதவில்லை.