லோரெட்டாவின் மீனுக்கு ஒரே சாட்சி

லோரெட்டா டொம்ப்ரோவ்ஸ்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும், ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு நேரே கடலுக்குப் போய்விடுவாள். எங்கள் கடலோர ஊரான மாண்டாக்கில் இது அதிசயமில்லை. அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் பல் டாக்டர்கூடக் கடையைச் சாத்திவிட்டு, தூண்டிலோடு அலையில் நிற்பார். ஆனால் மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரோடு நின்றுகொள்வார்கள். லோரெட்டாவுக்கு அது போதாது. அலை உடைகிற இடத்தையும் தாண்டி, தூண்டில் கம்பை ஒரு கையில் பிடித்தபடி நீந்திப் போய், பாறை மேல் ஏறி நின்றுதான் வீசுவாள். வயது ஐம்பத்தாறு. சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

எந்தப் பாறை என்று மட்டும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுச் சாவியைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மீன் கிடைக்கிற இடத்தைக் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். மீன் மாட்டியிருக்கும்போது கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தால், கம்பைத் தாழ்த்திவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்பதுதான் இங்கே வழக்கம்.

இவ்வளவு துணிச்சல் இருந்தும் ஐம்பது பவுண்டு எடையில், உடம்பெல்லாம் கோடு ஓடுகிற வரிமீன் ஒன்று அவளுக்கு மாட்டவே இல்லை. அதைப் பிடிக்காதவரைக்கும் இங்கே யாரையும் ஒரு ஆளாக மதிக்க மாட்டார்கள். என் காப்பிக் கடைக்கு முட்டை ரொட்டி தின்ன வருகிற ஆண்கள் தினமும் கேட்பார்கள்: "என்ன லோரெட்டா, இன்னைக்கு உன் பூனை வயிறு நிரம்புச்சா?" அவள் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் எரிந்ததென்று எனக்குத் தெரியும்.

போன அக்டோபரில் ஒருநாள் கடல் கொந்தளித்துக் கிடந்தது. கரையிலிருந்து வீசக்கூட ஆள் இல்லை. அன்றைக்குத்தான் பெரிய மீன் கரையை ஒட்டி வரும் என்று அவள் தன் பாறைக்கு நீந்தினாள். வீசினாள். மாட்டியது. கம்பு வில்லாக வளைந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது, இது அந்த மீன்தான் என்று.

அந்த நேரம் பார்த்துக் கரையில் கார்மைன் வந்து நின்றான். குழாய் ரிப்பேர் பார்ப்பவன், அவளோடு பள்ளியில் படித்தவன். ஊரிலேயே பெரிய புளுகன். அவன் பிடித்த மீன்கள் வாரத்துக்கு வாரம் வளரும். அவனைக் கண்டதும், பழக்க தோஷம், லோரெட்டா சட்டென்று கம்பைத் தாழ்த்திவிட்டாள். நூல் தொய்ந்தது. மீன் பாய்ந்தது. அவள் தடுமாறி நிமிர்வதற்குள் ஒரு அலை அடித்துப் பாறையிலிருந்து அவளைத் தள்ளிவிட்டது.

கம்பை விட்டிருந்தால் சுலபமாக நீந்தி வந்திருப்பாள். விடவில்லை. மீன் ஒரு பக்கம் இழுக்க, அலை ஒரு பக்கம் உருட்ட, உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கத்தினாள்.

"டேய் கார்மைன்! வாடா இங்க!"

நீச்சல் தெரியாத அந்த மனிதன் நெஞ்சளவுத் தண்ணீர்வரை இறங்கி வந்து அவள் உடையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் மீனோடு சேர்ந்து மணலில் வந்து விழுந்தார்கள்.

"என்னடி இது, கன்னுக்குட்டியா?"

"வாயை மூடிட்டு என் இடுப்புல தொங்குற தராசை எடு."

ஈரச் சாக்கில் வைத்துத் தூக்கினார்கள். தராசு முள் ஐம்பதைத் தாண்டி நின்றது.

"அப்படியே இரு, போட்டோ எடுக்கறேன்."

"வேணாண்டா. பின்னாடி மேடு தெரியும். நாளைக்கே எல்லாப் பயலும் என் பாறையில வந்து நிப்பான்."

"போட்டோ இல்லாம எவன் நம்புவான்?"

"நீ பாத்தியே."

"நான் சொன்னா எவண்டி நம்புவான்!" என்று அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

அவ்வளவு பெரிய மீனை வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. லோரெட்டா அதைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அது தெளிந்ததும் விட்டாள். வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை கார்மைன் என் கடையில் நடந்தது நடந்தபடி சொன்னான். கடையே சிரித்தது.

"சத்தியமா சொல்றேன்யா!"

"உன் சத்தியம் ஒழுகுது கார்மைன், முதல்ல அதை ரிப்பேர் பண்ணு!" என்றார் பல் டாக்டர்.

அவன் முகம் சிவந்துவிட்டது. லோரெட்டா காப்பியைவிட்டுத் தலை தூக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க. இவன் இத்தனை வருஷமா புளுகுறானே, அதுல ஒரு மீனையாவது அடுத்தவங்க பிடிச்சதா சொல்லிருக்கானா?"

சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து போய் லோரெட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். குலுக்கி முடித்த கையோடு எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"எந்த இடம்?"

லோரெட்டா கார்மைனைப் பார்த்தாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கலங்கரை விளக்குக்குத் தெக்கால, மூணாவது வளைவு."

அன்றைக்குப் பார்த்து அவன் சொல்லை எல்லோரும் நம்பினார்கள். பாதி தின்ற ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். வண்டிகள் தெற்கே பறந்தன.

"நீ சொன்ன பொய்யிலயே உருப்படியான பொய் இதுதாண்டா," என்றாள் லோரெட்டா.

அவனுக்கு இன்னொரு முட்டை ரொட்டி போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் அவன் என் பக்கம் சாய்ந்து, "முள்ளு அறுபதைத் தொட்டுச்சு, தெரியுமா?" என்றான்.

லோரெட்டா மறுக்கவில்லை.