கேமராவுக்கு வைத்த பொட்டு

மாமாவின் கேமராவுக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தபோது, லென்ஸை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றவன் நான். அத்தனை பெருமை எனக்கு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எல்லோரும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் கழித்துக்கட்டிய பிலிம் கேமராவை வாங்கி வைத்திருந்தார். கிடங்கில் கூட வேலை செய்கிறவரின் மகளுக்குப் பள்ளுருத்தியில் கல்யாணம். படம் எடுக்க மாமாவைச் சொல்லியிருந்தார்கள். அவர் படம் எடுக்கப்போகும் முதல் கல்யாணம் அதுதான்.

பொட்டை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். முன்பக்கக் கண்ணாடியில் வைத்தால் படம் கெடும். வெளியே வைத்தால் கல்யாண வீட்டில் யாராவது சிரிப்பார்கள் என்று மாமாவுக்குக் கூச்சம். கடைசியில் லென்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பின்பக்க வளையத்தில் சின்னச் சின்னத் தங்கப் புள்ளிகள் வரிசையாக மின்னின.

“இங்க வை அக்கா. மாட்டிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது.”

சாமியே இடம் காட்டிய மாதிரி அம்மா அந்தப் புள்ளிகளின் மேல் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தாள்.

கல்யாணம் நெருங்கும்போது கேமரா மக்கர் செய்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அது என்னிடம் வந்தது.

“படிச்சவனே, என்ன சொல்லுதுன்னு பாரு.”

“திரையில எஃப் போட்டு ரெண்டு கோடு மாமா.”

“அது எனக்கும்தான் தெரியுது. எதுக்குடா போட்டிருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. பேட்டரியை மாற்றினார். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இருபத்திரண்டு என்ற எண்ணில் வைத்துப் பூட்டினார். கழற்றி, கிளிக்கென்று சத்தம் வர மறுபடி மாட்டினார். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பொட்டு அழியாமல் இருக்கிறதா என்று வேறு பார்த்துக்கொண்டார். கோடு போகவில்லை. பொத்தான் அமுங்கியும் படம் விழவில்லை.

“இதுவும் போச்சுன்னா கடைசி வரைக்கும் மூட்டைதான் அக்கா” என்றார்.

பள்ளி விட்டதும் சீருடையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அம்மாவும் மாமாவும் படகேறி எர்ணாகுளம் போனார்கள். ரிப்பேர் கடைக்காரர் லென்ஸைக் கழற்றி விளக்கடியில் பிடித்தார். பிறகு உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டார்.

“இங்கோட்டு வா, ஒரு கோயில் காணிக்காம்!”

கோயிலைக் காட்டுகிறாராம். கடைக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டேதான் விளக்கினார். உள்ளே துவாரம் எவ்வளவு திறக்கிறது என்று லென்ஸ் கேமராவுக்குச் சொல்வதே அந்தப் புள்ளிகள் வழியாகத்தானாம். அதன் வாயில் சந்தனத்தை அடைத்தால் அது எப்படிப் பேசும்? மாமாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மாவின் முகத்து மஞ்சளும் மாமாவின் சட்டையில் படிந்திருந்த மிளகுத் தூசியும் அந்த வெளிச்சத்தில்தான் முதன்முதலாக என் கண்ணில் பட்டன. வேறு யாருடனோ வந்தவனைப் போல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அவர் விடவில்லை. “நீ படிக்குந்ந குட்டியல்லே மோனே? இவருக்கு ஒந்நு பறஞ்ஞு கொடுத்தூடே?”

படிக்கிற பிள்ளை சொல்லித் தரக்கூடாதா என்கிறார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்திக்கொண்டாள்.

“மோன் அன்னைக்கு ஸ்கூல்ல சேட்டா. அவனுக்கு இதொண்ணும் அறியில்லா. எல்லாம் நானும் இவனும் செஞ்சதுதான்.”

பூஜையன்று ஏது பள்ளிக்கூடம்? அவர் அதை யோசிக்கவில்லை. “அதானே” என்று என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. லென்ஸை மாட்டியதும் கோடு போய் எண் வந்தது. பள்ளுருத்திக் கல்யாணம் பிழைத்தது. நானும் பிழைத்தேன் என்றிருந்தது எனக்கு.

திரும்பும் படகில் நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். பின்பலகையில் அம்மாவும் மாமாவும் அந்தக் கடைக்காரரைப் போலப் பேசிக் காட்டி, ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிரிப்பு நின்றது. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள், மாமா தண்ணீரைப் பார்க்கத் திரும்பினார். சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.