தலை ஆடிக்கு மாப்பிள்ளை விட்ட தண்ணீர் ராக்கெட்

தலை ஆடிக்கு மாமனார் வீட்டுக்கு வந்தவர் கறி விருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் ராக்கெட் விட்டார்!

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி மூன்று மாதம். அவர் சேலத்தில் பள்ளிக்கூட இயற்பியல் வாத்தியார். (வாத்தியாருக்கு வாக்கப்பட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று சொன்ன தரகரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

பம்பாய்க்கு லோடு போகும் லாரிக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கியிருந்தார். அதன் வாயில் ரப்பர் கார்க். கார்க்கில் ஓட்டை போட்டு சைக்கிள் டியூப் வால்வு. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். கார்க் பிடுங்கிக்கொண்டதும் தண்ணீர் கீழே பீச்சியடிக்கும், பாட்டில் மேலே போகும். காலண்டர் அட்டையில் மூன்று இறக்கை வேறு!

"பசங்களுக்குக் காட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா உட்டுப் பாக்கோணும்" என்றார்.

நாங்கள் குடியிருந்த செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் வானமே ஒரு முழம்தான் தெரியும். அதனால் ஆடிச் சீருக்குக் கிளம்பும்போது பையிலிருந்து என் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டு பம்பை உள்ளே வைத்தார்!

நாமக்கல் பக்கம் அப்பாவின் தோட்டம். கிணறு வற்றி வெள்ளாமை போன பிறகு அவர் நம்பியிருந்தது ஒரு கொட்டகைக் கோழிகளைத்தான். இன்னும் பத்து நாளில் முட்டைக்கு வரும். அந்த நேரத்தில் கோழி மிரளவே கூடாது. மிரண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

அதனால் எங்கள் தோட்டத்தில் தீபாவளிக்கு வெடி கிடையாது. விசில் கிடையாது. அம்மா பளிச்சென்று சேலை கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனால், "போயி மாத்தீட்டு வா!" என்று கத்துவார் அப்பா.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் இவர் கேட்கிறார்: "மாமா, களத்துல ராக்கெட் ஒண்ணு உட்டுக்கலாமுங்களா?"

"அதுக்கென்னங்க மாப்ள! தாராளமா உடுங்க!"

நான் அப்பாவையே பார்த்தேன். அவர் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

மாமனாரும் மாப்பிள்ளையுமாக மூன்று செங்கல் வைத்து பாட்டிலை நிறுத்தினார்கள். முதல் தடவை கார்க் நழுவி, சீராகக் கொடுத்த புது வேட்டி முழுக்கத் தண்ணீர். "வேட்டி கெடக்குதுங்க, நீங்க அடிங்க மாப்ள!" என்று அப்பா பம்பை எடுத்துக் கொடுத்தார். (அடடா, என்ன ஒரு உற்சாகம்!)

மேற்கே இருந்து ஆடிக் காற்று தள்ளுகிறது. களத்துக்கு நேர் கிழக்கே கொட்டகை.

அம்மாவிடம் சொன்னேன். "சும்மா இரு கண்ணு. மாப்ள முன்னாடி இப்படியா பேசுவாங்க?"

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, காத்து கொட்டாய்ப் பக்கம் இழுக்குது. நீங்களாச்சும் சொல்லுங்க!"

"தெரியுது சாமி. அதுக்குன்னு மாப்ளகிட்ட போயி எப்படிச் சொல்றது?"

கடைசியில் நானே போனேன். "ஏனுங்க, காத்து…"

"கணக்குப் போட்டாச்சு. நேரா மேல போயி நேரா கீழ வரும். சரிதானுங்களே மாமா?"

"ரொம்பச் சரிங்க மாப்ள!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது!

இருபது தடவை பம்ப் அடித்திருப்பார். 'டப்' என்று ஒரு சத்தம். பாட்டில் தென்னை உயரத்துக்கு ஏறியது. பொய் சொல்லக்கூடாது, ஒரு நொடி நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

பிறகு காற்று அதைப் பிடித்துத் தள்ளியது. நேராகக் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தடாலென்று விழுந்து உருண்டது.

உள்ளே ஒரே கூச்சல். நானும் அம்மாவும் அப்பாவும் ஓடினோம். மூலையில் கோழிகள் இடுப்புயரத்துக்கு ஏறிக் கிடந்தன. கைக்கு அகப்பட்டதை எல்லாம் இழுத்து இழுத்து இந்தப் பக்கம் விட்டோம். எல்லாம் பிரிந்து முடிந்தபோது அடியில் பதினொன்று செத்துக் கிடந்தன.

இவர் கொட்டகை வாசலில் ஈர வேட்டியோடு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"மாமா, தப்பு எம்பேருலதானுங்க."

"அட, உடுங்க மாப்ள! பதினொண்ணுதானுங்களே!" செத்த கோழி ஒன்று அப்பா கையிலேயே இருந்தது. அப்போதும் சிரிக்கப் பார்த்தார்.

அவ்வளவுதான், எனக்கு வெடித்துவிட்டது.

"காத்து தெரிஞ்சும் வாயத் தொறக்காம நின்னது நீங்க! சொல்லச் சொல்லக் கேக்காம உட்டது இவரு! செத்தது மட்டும் கோழியா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் வேட்டியை மடித்துக் கட்டி, மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்க் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"ஐயோ, மாப்ளயக் குழி தோண்ட உட்டுட்டுப் பாத்துட்டு நிக்கறீங்களே!" என்று அம்மா அப்பாவை உலுக்கினாள்.

அப்பா போனார். மண்வெட்டியை வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது பத்தாதுங்க மாப்ள. நாய் தோண்டிப்போடும். இன்னும் ரெண்டடி போங்க!"

"சரிங்க மாமா!" என்றார் இவர்.

அன்றைக்குத்தான் அவர் எங்கள் வீட்டு மனிதரானார்.

உங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு முதல்முதலாக வேலை ஏவியது யார்? (அதற்கு எத்தனை உயிர் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!)