பத்துக்குப் பன்னிரண்டு

அண்ணனுடைய கமெராவில் கண்ணை வைக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று உடம்பிலேயே இருந்த சின்ன ஜன்னல். அதற்குள் பார்த்தால் எதிரே இருக்கும் பொருள் நடுவில் இரண்டாகத் தெரியும். லென்சின் வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப இரண்டு உருவங்களும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். அப்படி ஒன்றானால் படம் தெளிவாக விழும் என்று அர்த்தம். மற்றது, அகல லென்சைப் பூட்டும்போது கமெராவின் தலையில் அவர் தனியாகச் செருகிக்கொள்ளும் கண்ணாடித் துண்டு. எவ்வளவு இடம் படத்துக்குள் வரும் என்று அது காட்டும். இரண்டுமே லென்சின் வழியாகப் பார்ப்பவை அல்ல. லென்ஸ் என்ன பார்த்தது என்பது ஃபிலிம் கழுவி வரும்வரை யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், காணி, வீடு என்று படிவம் நிரப்பிக் கொடுக்கும் சின்ன அமைப்பு. நான் லிந்துலைப் பக்கத்தில், ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லயத்தில் பிறந்தவள், உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். அண்ணன் என்று நான் கூப்பிட்டவர் அங்கே எனக்கு முன்பே வேலை செய்தவர், எனக்குப் பத்து வயது மூத்தவர். படம் எடுப்பது அவருடைய வேலையில்லை. ஆனால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்தக் கமெரா தோளில் தொங்கும். எல்லாரும் தொலைபேசியில் படம் எடுக்கும் காலத்தில் ஃபிலிமைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மனிதரை நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொண்டே, “அவசரமா பாத்தா அவசரமாத்தான் தெரியும்” என்பார்.

சில வருடங்களுக்கு முன் அடைமழை பெய்த ஒரு மாதத்தில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் வெடிப்பு விட்டது. அந்த லயத்தில் ஆபத்தும் இட நெருக்கடியும் கூடிய குடும்பங்களுக்கு முதலில் வீடு கொடுப்பதென்று ஒரு குழு பட்டியல் தயாரித்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் அறையின் படத்தை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். நான் தொலைபேசியோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தேன். பாதிக் கட்டிலும் ஒரு தகரப் பெட்டியும்தான் உள்ளே வந்தன. அண்ணன் தன் இருபத்தொரு மில்லிமீற்றர் லென்சைப் பூட்டினார். “முப்பத்தஞ்சு லென்சுல பாதி வீடுதான் தெரியும், தங்கச்சி. இதுல நாலு செவரும் வரும். முழுசா காட்டினாத்தான் அவங்களுக்கு வெளங்கும்” என்றார். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

கடைசி அறையில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிப்பவர். கணவன், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்து பேர். நாங்கள் உள்ளே போனபோது அறை வெறிச்சென்று இருந்தது. பாய், சட்டி பானை, மூட்டை, துணிக்கொடி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். தரையைக் கழுவி, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, கட்டிலில் புதுச் சேலையை விரித்திருந்தார். சாமான்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும்படி அண்ணன் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் சொன்னேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தார். “படம் புடிக்க வர்றாங்கன்னு தெரிஞ்சும் வீட்ட போட்டது போட்டபடி வச்சிருப்பாங்களா, மிஸ்? உங்க அம்மா வச்சிருப்பாங்களா?”

என் அம்மா வைத்திருக்க மாட்டார். எங்கள் லயத்து அறையும் அதே அளவுதான். இருக்கட்டும் விடுங்கள் என்று நான்தான் அண்ணனிடம் சொன்னேன். அவர் மூலையில் குந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படங்கள் எடுத்தார், பின்சுவரில் விட்டிருந்த வெடிப்பைக் கிட்டப் போய் இன்னொன்று எடுத்தார். மற்றக் கமெராக்களைப் போல அழுத்தும்போது அதற்குள் கண்ணாடி துள்ளுவதில்லை, அதனால் வெளிச்சம் குறைந்த அறையிலும் படம் ஆடாமல் எடுக்கலாம் என்று சொல்வார். சத்தம் ஒரு நாக்குச் சொடுக்கு அளவுதான். என்னையும் மேல் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். அறை சின்னதாக, தூரத்தில், பொம்மை வீடு போலத் தெளிவாக இருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் படங்கள் மின்னஞ்சலில் வந்தன. அந்த அறை ஒரு கூடம் போல விரிந்து கிடந்தது. கட்டிலின் கால் முன்னால் பெரிதாக நிற்க, எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஈரத் தரையில் படுத்திருந்தது. சுவர் வெடிப்பை மட்டும் கிட்டப் போய் எடுத்த படமும் ஒன்று இருந்தது. எதை வைக்கலாம் என்று அண்ணன் கேட்டபோது, நான் அழகானதைக் காட்டினேன். ஒரு லயத்து அறையை அப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லை. அனுப்பிவிட்டோம். அக்கா தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அண்ணன் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

முதற் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. ‘இடவசதி போதுமானது’ என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அண்ணன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசையில் அந்தப் படத்தை வைத்து அடிமட்டத்தால் எதையோ அளந்தார், பிறகு அடிமட்டத்தை வைத்துவிட்டார். மேட்டின் வெடிப்பு அதற்குள் கை நுழையும் அளவுக்கு அகலமாகிவிட்டதாகத் தோட்டத்திலிருந்து செய்தி வந்தது. இரண்டு வாரம் நாங்கள் அலைந்தோம். கடைசியில் ஓர் அதிகாரி நேரில் வரச் சம்மதித்தார்.

அவர் சிங்களத்தில் பேசுபவர். அளவு நாடாவைப் பிடித்து பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். அன்று சாமான்கள் எல்லாம் உள்ளேயே இருந்தன. அடுப்புப் புகையில் மாமியார் இருமிக்கொண்டிருந்தார். அதிகாரி கோப்பிலிருந்து படத்தை எடுத்து, இது எந்த வீடு என்று கேட்டார். இதுதான் என்றோம். அவர் நம்பவில்லை, சிரிக்கவும் இல்லை. அண்ணன் குந்தியிருந்த அதே மூலையில் தானும் குந்திப் பார்த்தார். எழுந்து அக்காவின் பெயரைப் பட்டியலில் மேலே சேர்த்துவிட்டு, அண்ணனை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கமெராவை மடியில் வைத்திருந்தார். நுவரெலியா நெருங்கும்போது சொன்னார்: “நான் பொய் காட்டல, தங்கச்சி. நாலு செவரும் அதுல இருக்கு. ஆனா அந்த வீட்ட சரியா காட்டணும்னு நெனச்சேனா, படம் நல்லா வரணும்னு நெனச்சேனா, எனக்கே தெரியல.” படத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனார். ஓர் அச்சகத்தில் இருக்கிறார். எப்போதாவது பேசும்போது அந்த லென்ஸ் இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கிறது என்பார்.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அக்காவின் புது வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, தனிச் சமையலறை, வாசலில் கோவாப் பாத்தி போட்டிருக்கிறார். பழைய லயத்தில் இப்போது யாரும் இல்லை. மேடு சரிந்து கடைசி மூன்று அறைகளை மூடிவிட்டது. முன்னறைச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. லயத்தை விட்டு வந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மிஸ், நீங்க அந்தப் பழைய வீட்டுக்கு வந்திருக்கீங்கதானே? அவ்வளவு பெரிய வீட்ட விட்டுட்டு நாங்க ஏன் இங்க வந்தோம்?”

அடுப்படியில் அக்காவின் கை நின்றது. அவர் திரும்பவில்லை. ஆனால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. லென்சைப் பற்றிச் சொல்லலாம், நாடாவைப் பற்றிச் சொல்லலாம், மூடிக்கிடக்கும் மண்ணைக் காட்டலாம். எல்லாம் உண்மைதான். எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் எதையோ உடைக்கப்போகிறேன் என்றும் தோன்றியது.

“உங்க அம்மா அந்த வீட்ட அவ்வளவு நல்லா வச்சிருந்தாங்க” என்றேன்.

அக்கா அடுப்பை ஊதத் தொடங்கினார்.