ஆற்றோரம் தைத்த வழி

அந்தத் துணி ஏழு முழம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்க வந்த மல் துணியில் மிச்சம் விழுந்த துண்டுகளை ஒட்டுப்போட்டு நான்தான் தைத்துக் கொடுத்தேன். அதன் இடது கோடியில் கடுகளவு ஒரு முடிச்சு, அது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கிளம்பும் சிவப்பு நூல் மதுரை, சென்னைப் பட்டணம், கல்கத்தா என்று ஏறி, அஸ்ஸாமுக்குள் புகுந்து, மணிப்பூர் மலைகளைத் தாண்டிப் பர்மாவில் இறங்கி, சயாமைக் கடந்து மலாயாவில் போய் முடியும். சிவப்பு, நடக்க வேண்டிய வழி. அதை ஒட்டி ஓடும் நீலம், தண்ணீர். எங்கள் அறைச் சுவரில், இரண்டு கட்டில்களுக்கும் மேலே, அது ஆறு வருஷம் தொங்கியது. காலையில் கண் விழித்தால் கர்த்தரின் படத்துக்கு முன்னால் என் கண்ணில் படுவது அந்த நூல்தான். அதைப் பார்த்துக்கொண்டே ஜெபத்தை ஆரம்பித்தேன் என்று சொன்னால் பாவம், ஆனால் உண்மை.

அறை என்பது மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் குடியிருப்பில் ஒரு அறை. அதில் இரண்டு பேர்: கணக்கு டீச்சர், தையல் டீச்சர். நான் தையல். எங்களுக்கு வேறு பெயர் இருந்ததை நாங்களே மறந்துவிட்டிருந்தோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு வந்த வரன்களை அவர் வேண்டாம் என்றார். எனக்கு வரனே வரவில்லை. காம்பவுண்டைச் சுற்றிச் சுவர், சுவருக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவல்காரர். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆயாவோடு கடைத்தெருவுக்குப் போய் ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மற்ற நாட்களில் வெளியே கால் வைக்க வேண்டுமென்றால் மிஸ்ஸியம்மாவிடம், அதாவது பள்ளியை நடத்திய வெள்ளைக்கார அம்மாவிடம், காரணம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஊரே பார்க்கும் கோபுரத்தை நாங்களும் பார்ப்போம், சுவருக்கு மேலே தெரிகிற பாதியை மட்டும். கணக்கு டீச்சர் தன் முப்பத்தாறு வயதுக்கு மதுரையைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவர்தான் நாலு தேசம் கால்நடையாகப் போக வழி போட்டார். எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

அது கடிதங்களில் ஆரம்பித்தது. கூமாப்பட்டி, மம்சாபுரம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலருக்கு அப்பா பர்மாவிலோ மலாயாவிலோ இருப்பார். தாய்மாருக்கு எழுதத் தெரியாது. பதில் எழுதித் தரச்சொல்லிப் பிள்ளைகள் கணக்கு டீச்சரிடம்தான் வரும். அவர் எழுதுவார், எழுதிவிட்டு அடியில் தன் கேள்வி ஒன்றையும் சேர்ப்பார். உங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் வீடு எத்தனை, அங்கே பிள்ளையை என்ன பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறார்கள், பண்டிகைக்கு என்ன செய்கிறார்கள் என்று. மனைவிக்கு இரண்டு வரி எழுதுகிற மனிதர்கள் டீச்சருக்கு நாலு பக்கம் எழுதினார்கள். மலாயாத் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் பவனிக்குச் சீனர் ஒருவர் காகித விளக்குச் செய்து தருகிறார், மாந்தளே பக்கத்துப் பூக்குழித் திருவிழாவுக்குப் பர்மாக்காரர் வந்து மேளம் அடிக்கிறார், சயாமில் ஒரு தமிழ்ச் சாயபு கடையில் வெள்ளிக்கிழமை போனால் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு. இந்த இடங்களையெல்லாம் ஒரே வழியாகக் கோத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்கு இரண்டு சட்டம் வைத்தார். எங்கேயும் கப்பல் ஏறக் கூடாது. மூன்று நாளைக்கு ஒரு தரமாவது காதில் தமிழ் விழ வேண்டும்.

இரண்டாவது சட்டம் மணிப்பூர் மலைகளில் செல்லுபடியாகவில்லை. அங்கே எந்தப் பிள்ளையின் அப்பாவும் இல்லை. மிஸ்ஸியம்மாவின் ஆபீஸ் அறையில் ஒரு பெரிய தேசப்படம் உண்டு. அதன் மேல், நான் ரவிக்கைக்கு அளவு மாதிரி எடுக்கிற எண்ணெய்க் காகிதத்தை வைத்து டீச்சர் அந்தப் பகுதியை நகல் எடுத்து வந்தார். மலைமேட்டோடு புள்ளி புள்ளியாக ஒரு ஒற்றையடிப் பாதை, கீழே ஓடைகள். மேட்டு வழிதான் சுருக்கு, அதையே போட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னேன்: "தண்ணி இல்லாத வழியில எந்தக் கிறுக்கி நடப்பாக்கா? ஓடைய ஒட்டியே போடுங்க. தண்ணி இருந்தா ஊரும் இருக்கும்."

எங்கள் சீமையில் பிறந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆற்றில் வருஷத்துக்கு நாலு நாள் தண்ணீர் ஓடினால் தேங்காய் உடைக்கிற ஊர் இது. பக்கத்திலிருக்கிற சுந்தரபாண்டியம் போகிறவனும் முதலில் விசாரிப்பது வழியில் கிணறு எங்கே என்றுதான். கண்மாய் இருந்தால் கரையில் ஊர் இருக்கும், ஊர் இருந்தால் கஞ்சி கிடைக்கும். டீச்சர் மேட்டு வழியை அழித்தார். நான் நீலத்தையும் சிவப்பையும் சேர்த்தே தைத்தேன்.

டீச்சருக்கு ஒரே தம்பி. மாந்தளேக்குப் பக்கத்தில் அரிசி மில்லில் குமாஸ்தா. அவன் மனைவி ராஜபாளையத்துப் பெண். வழியை ஒரு தரம் பார்த்துத் திருத்தித் தரச்சொல்லி, காகிதத்தில் ஒரு பிரதி எழுதி அவனுக்கு அனுப்பினார். மில்லையும் வீட்டையும் தவிர அவனுக்கு அந்தத் தேசத்தில் என்ன தெரியும்? அக்கா நீ நடந்து வந்து சேருகிறவரை நான் கிழவனாகாமல் இருக்கப் பார்க்கிறேன் என்று கேலியாக எழுதிவிட்டு, காகிதத்தைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டான். டீச்சர் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு கேட்டார். மிஸ்ஸியம்மா சிரித்தார், கன்னத்தைத் தட்டினார், இந்தப் பிள்ளைகளை விட்டு எங்கே போவாய் என்றார். அடுத்த வருஷமும் கேட்டார். அப்போது சிரிப்பு மட்டும்தான். அன்றைக்கு அறைக்குத் திரும்பிய டீச்சர் வாசலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பதினொரு அடி போக, பதினொரு அடி வர. உட்காருங்கள் என்று கத்திவிட்டேன்.

பிறகு ஜப்பான்காரன் பர்மாவில் இறங்கினான். கடிதம் நின்றது. கப்பலில் இடமில்லை, ஜனங்கள் நடந்து வருகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. எங்கே நடந்து வருகிறார்கள் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்ததும் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் போட்ட வழி, எதிர்த்திசையில். அன்றிலிருந்து அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். தம்பி இன்ன தேதியில் கிளம்பியிருந்தால், நாளைக்குப் பத்து மைல் வைத்தால், இன்றைக்கு எந்த ஓடையில் இருப்பான். வகுப்பில் கரும்பலகையில் பின்னத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பார். ஒருநாள் பூகோளப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அந்தப் பக்கம் மே மாசமே மழை இறங்கிருமாம். நாம மழைய எங்கடி வச்சோம்?"

நாங்கள் மழையை எங்கேயும் வைக்கவில்லை. மழை வந்து கெடுத்ததாக எங்கள் ஊரில் யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தபால் கார்டு வந்தது, ராஜபாளையத்திலிருந்து. தம்பி மனைவி தன் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள், உடம்புக்கு முடியவில்லை, மதினி வந்து பார்க்க வேண்டும். தம்பியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. டீச்சர் கார்டை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியம்மாவிடம் போனார். மிஸ்ஸியம்மா நல்ல மனுஷிதான், தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். சனிக்கிழமை ஆயாவோடு பஸ்ஸில் போய்விட்டு வா என்றார். டீச்சர் தலையாட்டினார். அறைக்கு வந்து குடையை எடுத்தார். வாசலில் காவல்காரர் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு அவர் நிற்கவே இல்லை. நான் செருப்பைப் பாதி மாட்டியபடி பின்னால் ஓடினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏழு மைல். யுத்தகாலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் எப்போது வரும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. நடந்தோம். அவருக்கு நடக்கத் தெரியவில்லை. மூன்றாவது மைலில் குதிகால் தோல் உரிந்தது, ஐந்தாவது மைலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தனை தேசத்துக்கும் வழி போட்டவர், மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி நொண்டி நொண்டி வந்தார். வேறு சமயமாயிருந்தால் நான் கேலி செய்து கொன்றிருப்பேன். அன்று வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

மில் தொழிலாளர் தெருவில் ஒரு ஓட்டு வீடு. பாயில் கிடந்தவளை முதலில் யாரோ வயசான அம்மாள் என்று நினைத்தேன். காய்ச்சலில் தலைமுடி கொட்டி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. இருபத்தாறு வயது அவளுக்கு. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவளே சொன்னாள். சித்திரை நடுவில் கிளம்பினார்களாம். பெட்டி படுக்கையெல்லாம் வழியில் போட்டுவிட்டார்கள், காகிதத்தை மட்டும் அவன் சட்டைக்குள் வைத்திருந்தான்.

"நீங்க எழுதின மாதிரியே ஓடைய விடாம வந்தோம் மதினி," என்றாள். "தண்ணிக்குக் கஷ்டமே இல்ல. ஆனா ஒரு வீடு இல்ல. அங்க உள்ள சனம் மலை உச்சிலதான் குடியிருக்கும்போல. கீழ எறங்கவே செய்யாது. மேட்டோட போனவியளுக்கு அவங்க சோறு குடுத்து, படுக்க எடம் குடுத்து அனுப்பிருக்காங்க. எங்களுக்கு அது பொறவுதான் தெரியும். மழை புடிச்சிட்டு. கொசு. ஒங்க தம்பி, அவியளுக்குக் காய்ச்சல் வந்தது மலைக்குள்ள நுழைஞ்ச ஏழாம் நாளு. ஒம்பதாம் நாளு எந்திரிக்கல."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. நன்றி சொல்கிறவள் மாதிரிதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. டீச்சர் அவள் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அது நான் போட்ட தப்பு, தாயி. மேட்டுல வழி இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

"தெரியும் மதினி. அவியளே சொன்னாவ. அக்கா பாவம், தண்ணி இல்லாத ஊர்ல இருந்து எழுதிருக்கா, அவளக் குத்தம் சொல்லிராதன்னு."

டீச்சர் அழவில்லை. நான் அழுதேன். அவளைப் பெற்ற அம்மாள் எனக்குத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், செத்தவன் எனக்கு என்ன உறவு என்று தெரியாமல்.

திரும்பும்போது கரி பஸ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஒரு கண்மாயை ஒட்டிச் சாலை போகிற இடத்தில் வெக்கை தாங்காமல் நான் முகம் கழுவக் கீழே இறங்கினேன். அள்ளிய தண்ணீரை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. மேலே கரையில் நின்ற டீச்சரிடம், அங்கிருந்தபடியே, கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஓடைய ஒட்டிப் போடச் சொன்னது நான்தானே அக்கா, அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை என்று சொல்லித் தேற்றுவார் என்றும் ஒரு பக்கம் ஆசை இருந்தது.

"நீ சொன்ன, நான் போட்டேன். நடந்தவன் அவன்," என்றார். பிறகு கையை நீட்டினார். "மேல வா. மேட்டுலயே நட."

மிஸ்ஸியம்மா எங்களை ஒன்றும் கேட்கவில்லை. சில வருஷத்தில் சுதந்திரம் வந்தது, மிஸ்ஸியம்மா கப்பலேறினார், காவல்காரரும் சீட்டும் சனிக்கிழமைச் சட்டமும் போயின. இளம் டீச்சர்கள் இஷ்டத்துக்குப் போனார்கள், வந்தார்கள். கணக்கு டீச்சர் சாகிறவரை அந்த அறையில்தான் இருந்தார். மதுரையைக்கூட அவர் பிறகு பார்க்கவில்லை. தம்பி மனைவிக்கு மாதாமாதம் கடிதம் எழுதுவார், அடியில் கேள்வி எதுவும் சேர்க்காமல். எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. பேத்தி முறையில் ஒருத்தி வெளிநாடு போகிறாள். எந்த ஊரில் தங்கலாம், எந்த வழியாகப் போகலாம் என்று நேற்று படத்தை விரித்துவைத்து என்னிடமும் யோசனை கேட்டாள். எனக்கு அந்தப் பக்கமெல்லாம் தெரியாது, அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.