திராட்சைக் காயில் மின்னிய கார் வீல்

சுண்ணாம்பு நீற்றும்போது சூடாக ஒரு மணம் வருமே... அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் எங்கள் பழைய ஃபியட் கார்தான் ஞாபகத்துக்கு வரும்.

என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் சின்னமனூருக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர் வேலையை விட்டுவிட்டு, போடி மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்ட முதலாளியிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். வாடகைக்கு ஓட்டத்தான். வண்டி பழசு. ஆனால் வீல் நான்கும் அலுமினியம், வெளிநாட்டுச் சரக்கு. மற்ற கார்களுக்கெல்லாம் இரும்பு வீல், மேலே ஒரு கப். எங்கள் வண்டி போனால் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பெருமை இருந்து என்ன, சவாரி இல்லை. அப்போதுதான் உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். வீரபாண்டி கோயிலில் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் பெரிய மீசைக்காரர். வண்டியைச் சுற்றி வந்து வீலைத் தட்டிப் பார்த்தார்.

"பொண்ணு இதுலதான் வரணும். வீலு இதே மினுக்கோட இருக்கணும். இல்லைன்னா அங்கனயே வேற வண்டி பாத்துக்கிருவோம்."

அந்தக் கல்யாணத்தில் பெயர் வாங்கினால் சீசன் முழுக்க எங்களுக்கு ஓட்டம். இல்லையென்றால் இவர் பழையபடி பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். வெயிலில் நின்றால் பெயின்ட் வெளுத்துவிடுமாம். மனுஷன் வண்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் ஓரமாக நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தும்விட்டார்.

தோட்டத்தில் அன்றைக்கு மருந்தடி. நீல மயில்துத்தத்தையும் சுடச்சுட நீற்றிய சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிக்கு அடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தோட்டக்காரர் ஓடி வந்தார்.

"ஏப்பா, இலைக்குள்ள காரு நின்னது தெரியலப்பா. மருந்து பூராம் பட்டுருச்சு."

போய்ப் பார்த்தால் வண்டி முழுக்க நீலப் பொட்டு. தண்ணீர் ஊற்றியதும் பாடியில் பட்டது போய்விட்டது. வீல் மட்டும் புரை விழுந்த கண் மாதிரி மங்கிக் கிடந்தது. இவர் பதற்றத்தில் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்த்தார்... இருந்த கொஞ்ச மினுக்கமும் போய்க் கறுத்துவிட்டது.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸுக்கே போயிருறேன் கமலா."

எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "அழுகிறத நாளைக்கு அழுவோம், எந்திரிங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் வழி தெரியவில்லை. அடுப்படிக்குப் போனால், விளக்கப் போட்டிருந்த அலுமினியச் சட்டி கண்ணில் பட்டது. வெளியே கரி. உள்ளே, காலையில் புளிக்குழம்பு கொதித்த மட்டத்துக்கு மட்டும் பளிச்சென்று இருந்தது. தினம் பார்ப்பதுதான். வீலும் அதே அலுமினியம்தானே?

வீட்டில் இருந்த புளி ஒரு வீலுக்கே காணாது. தோட்டத்தில் மருந்தடிக்காத பக்கம், கொத்தில் நெருக்கம் குறைக்கக் கிள்ளிப் போட்ட பச்சைக் காய்கள் குவியலாகக் கிடந்தன. வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. "வேணுங்கிறத அள்ளிக்க ஆத்தா" என்றார் தோட்டக்காரர்.

ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, துணியில் முக்கி, வீலில் தேய்த்தோம். கறுப்பு கரைந்து வழிந்தது. அலசிவிட்டு, இவருடைய பழைய வேட்டியைக் கிழித்துப் பித்தளை பாலிஷ் போட்டோம். முதல் வீல் முடிந்ததும் ஒரு குரல்.

"ஏ கமலா, இங்கன வந்து பாரு. என் மூஞ்சி தெரியுது."

"அது ஒண்ணும் அம்புட்டு அழகா இல்ல. அடுத்த வீலத் தேய்ங்க."

இருட்டுவதற்குள் நான்கும் முடிந்தது.

மறுநாள் நானும் வீரபாண்டிக்குப் போனேன். பெண் இறங்கியதும் அவளுடைய குட்டித் தங்கச்சி வீல் முன்னால் குத்தவைத்து, கலைந்த பொட்டைச் சரி செய்தாள். மீசைக்கார மாமன் அவளை அதட்டத்தான் வந்தார். வந்தவர் வேட்டியை மடித்துக்கொண்டு தானும் குனிந்து மீசையை முறுக்கினாரே பார்க்கணும். கோயில் வாசலே சிரித்தது. "வண்டி யாருதுப்பா?" என்று அங்கேயே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். இவர் அப்புறம் பஸ் பக்கம் போகவே இல்லை.

இப்போது எல்லாக் காருக்கும் அலாய் வீல். என் மகன் வாட்டர் வாஷுக்கு விட்டால் நுரை அடித்து, காபி குடிப்பதற்குள் கையில் தந்துவிடுகிறார்கள். நல்லதுதான், தோள் வலி மிச்சம். ஆனால் வீலில் யாரும் முகம் பார்ப்பதில்லை.

போன வாரம் ஒரு போன். அந்தக் குட்டித் தங்கச்சி. "அக்கா, என் மகளுக்கு வீரபாண்டியில கல்யாணம். அந்தக் காரு இருக்கா?"

வண்டி ஷெட்டில் நிற்கிறது. வீலெல்லாம் பழையபடி மங்கல். நான் "அது வந்து..." என்று இழுப்பதற்குள் இவர் போனைப் பிடுங்கி, "வந்துரும்மா" என்று சொல்லிவிட்டார். முழங்கால் மடங்காத மனுஷன்...

நேற்று அதே தோட்டத்தில் காய் வாங்கி வந்து மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேய்த்தார்.

"ஏ கமலா, இங்கன வந்து பாரு."

குனிந்தேன். இரண்டு நரைத்த தலை தெரிந்தது. என் பொட்டு கொஞ்சம் கோணல். சரி செய்துகொண்டேன்.